முள்ளுக்கிழவியின் கையெழுத்து

திரிஷாவுக்கு நாலு கையெழுத்து வேண்டியிருந்தது. மூன்று வந்துவிட்டது. நாலாவது, ராயப்பன்பட்டி சகாயராணியுடையது.

சகாயராணி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊசியும் பஞ்சுமாக அவள் வருவதைப் பார்த்தால், திராட்சைக்கு மருந்தடித்து மருந்தடித்துக் கை மரத்துப்போன ஆம்பளைகள்கூட, சின்ன ஊசிதானே என்று கேட்பார்கள். பதில் வராது. ஊசிதான் வரும். அப்பேர்ப்பட்டவளிடம் திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் கையெழுத்து வாங்க வேண்டும்.

வாங்காவிட்டால் செவ்வாய்க்கிழமை காலை தேனி பஸ். வங்கித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் சென்டரில் அப்பா பாண்டீஸ்வரன் ஏற்கெனவே விண்ணப்பம் வாங்கி டிவி மேல் வைத்துவிட்டார். விஸ்காம் படித்த பெண், இருபத்து மூன்று வயதில், ஓடைப்பட்டி மாடியில் உட்கார்ந்துகொண்டு பழைய கேசட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தால் எந்த அப்பாதான் சும்மா இருப்பார். வட்டில் உன் பேர் அச்சாகி வந்தால் ஒரு வருடம் உன் இஷ்டம், வராவிட்டால் என் இஷ்டம். இதுதான் ஒப்பந்தம்.

வட்டு என்றால் சினிமா வட்டு. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஐரோப்பாவின் கிழக்கு மூலையில் ஒரு நாட்டில், கையால் வரைந்து வரைந்து ஒரு தேவதைக் கதைப் படம் எடுத்தார்கள். ஒரு இளவரசன், ஒரு குதிரை, முட்காடு, காட்டுக்குள் ஒரு கிழவி. படம் முடிந்த சில வருடத்தில் அந்த நாடே கலைந்துபோனது. படம் பிழைத்துக்கொண்டது. இப்போது ஒரு சின்ன வெளிநாட்டு கம்பெனி அதன் பிலிம் சுருளைத் தேடிப்பிடித்து, கீறலைத் துடைத்து, சாயம் போன வானத்துக்கு நீலம் ஏற்றி, வீட்டில் உட்கார்ந்து பார்க்க ப்ளூ-ரேயாகக் கொண்டுவருகிறது. உலகத்தில் எந்த மூலையில் எந்த மொழியில் இந்தப் படத்துக்குக் குரல் கொடுத்திருந்தாலும் அனுப்புங்கள், சேர்த்துக்கொள்கிறோம் என்று இணையத்தில் அறிவித்திருந்தார்கள். பத்து மொழி வந்து சேர்ந்தது. பதினோராவதாக ஓடைப்பட்டியிலிருந்து ஒரு மெயில் போனது.

திரிஷா மூன்று நிமிடம் மட்டும் மாதிரிக்கு அனுப்பினாள். கம்பெனிக்காரர் சொக்கிப்போனார். கல்யாணக் காட்சியில் ஊதுகிறார்களே, அது என்ன வாத்தியம் என்று தனி மெயில் போட்டுக் கேட்டார். அது கம்பம் போகிற பஸ்ஸின் ஏர்ஹாரன். எங்கள் பகுதியின் பாரம்பரிய இசை என்று திரிஷா பதில் எழுதினாள்.

திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் கம்பெனி கேட்டது மூன்றே மூன்று. முழு ஒலியும் சுத்தம் செய்து தர வேண்டும். குரல் கொடுத்த ஒவ்வொருவரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். இந்தக் குரல்பதிவு எப்படி உருவானது என்று அதன் இயக்குநர் இரண்டு நிமிடம் பேசித் தர வேண்டும். பதிலுக்கு வட்டின் கடைசியில் ஒரு வரி வரும்: ஒலி மீட்பு, திரிஷா பாண்டீஸ்வரன்.

இயக்குநர் என்றால் பாண்டீஸ்வரன்தான்.

தொண்ணூற்றெட்டில் அவர் ஓடைப்பட்டியில் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தார். குமுளியில் ஒரு வீடியோ லைப்ரரியை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு பெட்டி கேசட்டை அள்ளிக்கொண்டு வந்தார். அதில் இந்தப் படம் இரண்டு கேசட்டாக இருந்தது. ஒன்றில் சிவப்பு ஸ்டிக்கர், இன்னொன்றில் நீலம். எழுத்து எதுவும் நம் ஊர் எழுத்தில்லை. பாண்டீஸ்வரன் அசரவில்லை. அந்தப் பாஷை தனக்குத் தெரியும், குமுளிக்கு வருகிற வெள்ளைக்காரர்களிடம் பேசிப் பழகியது என்று சொல்லிவிட்டு, கிறிஸ்துமஸுக்கு நாமே தமிழில் பேசிப் போடுவோம் என்று ஆள் சேர்த்தார். ஒரு மைக், நாலு பேர். காற்றாடி சத்தம் பதிவாகும் என்று அதை நிறுத்திவிட்டு, கட்டுப்பாட்டு அறையில் வேர்க்க விறுவிறுக்கப் பேசினார்கள்.

இளவரசனுக்கு, மைக்செட்டில் அறிவிப்புச் செய்யும் அழகுமலை. இளவரசிக்கு, சகாயராணியோடு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போன அனிதா மேரி. ராஜா, மந்திரி, குதிரை, கதைசொல்லி எல்லாம் பாண்டீஸ்வரன். கிழவிக்கு, பத்தொன்பது வயது சகாயராணி. அவளுக்கு அன்றைக்கு நெஞ்சு நிறையச் சளி. குரல் தகரத்தைத் தேய்த்த மாதிரி இருந்தது. அதைக் கேட்டதும் பாண்டீஸ்வரன், கிழவி கிடைத்துவிட்டாள் என்று கை தட்டினார்.

படம் சூப்பர்ஹிட். கேசட் ஊர் ஊராகக் கைமாறி, கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அஞ்சு கிறிஸ்துமஸுக்கு ஓடியது. பொங்கலுக்கும் கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். கதை இதுதான். தொடங்கும்போதே இளவரசி குடிசை வாசலில் நிற்கிறாள். இளவரசன் மண்டியிடுகிறான். கல்யாணம், கொண்டாட்டம், கோயில் மணி. அப்புறம் திரையில் பெரிசாக ஏதோ ஒரு எழுத்து. அது இடைவேளை என்று பாண்டீஸ்வரன் விளக்கினார். இடைவேளை முடிந்து படத்தின் பேரும் நடிகர் பட்டியலும் வரும். அந்த ஊரில் இடைவேளைக்கு அப்புறம்தான் பேர் போடுவார்கள் என்று அதையும் விளக்கினார். பிறகு பல வருடம் கழித்து இளவரசன் வேட்டைக்குப் போய் வழி தவறுகிறான். முட்காட்டில் ஒரு கிழவி அவனுக்குக் கஞ்சி ஊற்றுகிறாள். முதல் நாள் ஒரு கலயம், மறுநாள் ஒரு கலயம். மழை கொட்டுகிறது. இளவரசன் கிழவி குடிசையிலேயே படுத்துத் தூங்குகிறான். படம் அங்கேயே முடிந்துவிடும். ஏன் முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. அழகுமலைதான் சொந்தமாக ஒரு வசனம் சேர்த்தார்: "இனிமே நான் வீட்டுக்குப் போறதா இல்ல."

அவ்வளவுதான். கட்டின பெண்டாட்டியை அரண்மனையில் விட்டுவிட்டு ஒருவனைக் கஞ்சி ஊற்றி மயக்கி வைத்துக்கொண்ட முள்ளுக்கிழவியை அந்தப் பள்ளத்தாக்குப் பெண்கள் மன்னிக்கவே இல்லை. புருசன் நேரம் கழித்து வீட்டுக்கு வந்தால், எந்த முள்ளுக்கிழவி கஞ்சி ஊத்துனா என்று கேட்பது சின்னமனூர் முதல் கூடலூர் வரைக்கும் பேச்சுவழக்கானது. ஊருக்கு ஊர் பட்டப்பேர் வைப்பதுதான் வழக்கம். இங்கே ஒரே ஆளுக்கு ஊர்களெல்லாம் சேர்ந்து ஒரே பட்டப்பேர் வைத்தன.

கல்யாணமாகி வந்த வருடம், ஊர்ப் பேச்சைக் கேட்டுவிட்ட மாமியார் சகாயராணியை எல்லாச் சமையலும் செய்ய விட்டார், கஞ்சியைத் தவிர. பெரிய வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுவார்கள். அந்த வருடம் சகாயராணி அகப்பையைப் பிடித்ததும், அவள் வரிசையில் நின்ற ஆம்பளைகளை அவரவர் பெண்டாட்டிமார் சட்டையைப் பிடித்து அடுத்த வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஆண்டவர் மரித்த நாள். கோயில் வளாகமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சாமியார்கூட ஜெபப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். அதற்கப்புறம் அவள் அகப்பையைத் தொட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்து ஊசி போட ஆரம்பித்ததும் ஊர் அவள் பேரைச் சுருக்கி வெறும் முள்ளு என்றாக்கியது. ரொம்பப் பொருத்தம் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

அனிதா மேரிக்கும் பட்டப்பேர் வந்தது. இளவரசி. சின்னமனூரில் அவளுடைய அழகு நிலையத்துக்கு பிரின்சஸ் பியூட்டி பார்லர் என்று பேர். திரிஷா தாளை நீட்டியதும், ஒரு வாடிக்கையாளருக்குப் புருவத்தில் நூல் போட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அழகுமலை திராட்சைத் தோட்டத்தில் மருந்து டேங்கைத் தோளிலிருந்து இறக்காமல் போட்டார். அப்பா, கண்ணாடி முன்னால் நின்று இயக்குநர் உரையை ஒத்திகை பார்த்துவிட்டுப் போட்டார்.

வியாழக்கிழமை திரிஷா ராயப்பன்பட்டிக்குப் போனாள். சகாயராணி ட்யூட்டி முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். தாளை வாங்கி, மருந்துச் சீட்டைப் படிப்பது மாதிரி மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தாள். எத்தனை நாட்டில் விற்பார்கள் என்று கேட்டாள். நாற்பது நாடு என்று திரிஷா பெருமையாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது தப்பான பதில் என்று புரிந்தது.

"ஏத்தா, எனக்கு அன்னைக்குச் சளி," என்றாள் சகாயராணி. "ஒரு நாள் சளி. ரெண்டாம் நாள் கசாயம் குடிச்சேன், சரியாப் போச்சு. இருவத்தேழு வருசமா நான் கிழவி. இங்கன இருக்குற நாலு ஊரு பத்தாதுன்னு நாப்பது நாட்டுக்கு அனுப்பப் போறியா?"

"அத்தை, அங்க யாருக்கும் உங்களத் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல."

பலகாரம் கொடுத்தாள், காபி கொடுத்தாள், பஸ் வருகிற நேரம் சொன்னாள். கையெழுத்து மட்டும் கொடுக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது திரிஷா, வங்கித் தேர்வில் கூட்டு வட்டிக் கணக்கு வருமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி, மீட்டெடுத்த படத்தை முழுசாக அனுப்பியது. அதுவரைக்கும் அவள் பார்த்ததெல்லாம் கோடு விழுந்த கேசட்தான். இப்போது திறந்தால் முட்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னின. குதிரைக்கு இமை இருந்தது. பழைய ஒலியை இதன் மேல் பொருத்த வேண்டும். பழைய கேசட் கொஞ்சம் வேகமாக ஓடும், அதனால் ஒலியை நூற்றுக்கு நாலு அளவு மெதுவாக்கினாள். எல்லோர் குரலும் சற்றே கனத்தது. அழகுமலை கேட்டால் சந்தோஷப்படுவார்.

ஆனால் பொருந்தவில்லை. ஒலியில் கல்யாண மணி அடிக்கிறது, படத்தில் கிழவி விறகு பொறுக்குகிறாள். கம்பெனி தப்பான பிரதியை அனுப்பிவிட்டதோ என்று நினைத்து ஓட்டிப் பார்த்தாள். படத்தின் பேர் முதலிலேயே வந்தது. கிழவி வந்தாள். இளவரசன் வழி தவறி வந்தான். முதல் கலயம், இரண்டாம் கலயம், மழை, தூக்கம். அதன் பிறகு, பள்ளத்தாக்கில் யாருமே பார்த்திராத ஏழு நிமிடம் வந்தது. நீல ஸ்டிக்கர் கேசட்டின் தொடக்கத்தைப் பூஞ்சை தின்றிருந்தது, அந்த ஏழு நிமிடம்.

மூன்றாம் நாள் காலை. கிழவி மூன்றாவது கலயத்தை நீட்டுகிறாள். இளவரசன் முகம் சுளிக்காமல் குடிக்கிறான். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது: என் கஞ்சியை மூன்று நாள் வெறுப்பில்லாமல் குடித்தாய், சாபம் தீர்ந்தது. கிழவியின் கூன் நிமிர்கிறது. முடி கறுக்கிறது. குடிசை வாசலில் இளவரசி நிற்கிறாள். பிறகுதான் கல்யாணம், கொண்டாட்டம், மணி. கடைசியில் திரையில் பெரிசாக அந்த எழுத்து. அதன் அர்த்தம், முற்றும்.

திரிஷா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டாம் கேசட்டை முதலில் போட்டு, முதல் கேசட்டை இரண்டாவதாகப் போட்டு, ஒரு பள்ளத்தாக்கையே அஞ்சு கிறிஸ்துமஸ் பார்க்க வைத்திருக்கிறார் அப்பா.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். பாண்டீஸ்வரன் முழுசாகப் பார்த்தார். தாடையைத் தடவினார். வெளிநாட்டுக்காரர்கள் இப்போது படத்தை மாற்றி வெட்டியிருக்கிறார்கள், இந்தக் காலத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, பிராட்பேண்ட் கேபிள் அறுந்த ஒரு வீட்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

திரிஷாவுக்கு மட்டும் வழி திறந்துவிட்டது. கிழவிதான் இளவரசி. சகாயராணிக்கு இதைக் காட்டினால் போதும், கையெழுத்து தானாக விழும். சனிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒலியை வெட்டி, சரியான வரிசைக்கு மாற்றிப் பொருத்தியிருந்தாள். குரல் இல்லாத ஏழு நிமிடத்துக்கு மூலப் படத்தின் பாஷையே ஓடும்.

சகாயராணி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். அவள் புருசன் அருளப்பன் தோட்டத்திலிருந்து வந்தவர், நின்றபடியே பார்த்தார். தன் பழைய குரல் கேட்டதும் சகாயராணி ஒரு தடவை செருமிக்கொண்டாள். கூன் நிமிர்கிற இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னாள். திரும்பப் போடச் சொன்னாள். மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். திரிஷா பேனாவை எடுத்தாள்.

"கேசட்ட மாத்திப் போட்டது யாரு?"

திரிஷா பேனாவை உள்ளே வைத்தாள்.

அப்பாதான் என்று ஒத்துக்கொண்டாள். சகாயராணி கத்தவில்லை, அழவில்லை. உன் அப்பா ஏதோ இரண்டு நிமிடம் பேசப்போகிறார் என்று சொன்னாயே, என்ன பேசப்போகிறார் என்று விசாரித்தாள். அந்தப் பாஷையை எப்படிக் கற்றுக்கொண்டார் என்று பேசுவார் என்றாள் திரிஷா. அருளப்பன் தோட்டத்துப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"அது வேணாம்," என்றாள் சகாயராணி. "கேசட்ட மாத்திப் போட்டது நான்தான், அதுல இந்தப் பிள்ள பேரு கெட்டுப்போச்சுன்னு அவரு வாயால சொல்லட்டும். நாப்பது நாட்டுக்கும் கேக்கணும். நம்ம லோக்கல் சேனல்லயும் வரணும். அது என் காதுல விழுந்தா கையெழுத்து. இல்லன்னா நீ பேங்குக்குப் படி, நல்ல வேலதான்."

பாண்டீஸ்வரனை இதற்குச் சம்மதிக்க வைப்பது, கம்பம் பஸ்ஸை ஏர்ஹாரன் அடிக்காமல் ஓட்டச் சொல்வது மாதிரி. அன்று சாயங்காலம் திரிஷா கேட்டாள், கெஞ்சினாள், சாப்பிடாமல் இருந்தாள். சாப்பிடாமல் இருந்ததற்கு மட்டும் பலன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல், ஏதாவது சொல்லித் தொலைக்கிறேன் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சகாயராணி வந்தாள். செய்தி கசிந்து அனிதா மேரியும் பார்லரைப் பூட்டிவிட்டு வந்துவிட்டாள். மாடியில் அதே அறை. இப்போது பிராட்பேண்ட் பெட்டிகள் பச்சை விளக்கு சிமிட்டின. திரிஷா இருவருக்கும் படத்தைப் போட்டுக் காட்டினாள். அனிதா மேரிக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. ஒரு மணி நேரப் படத்தில் தான் வருவதே கடைசி இருபது நிமிடம்தான் என்பது முதலில் விளங்கியது.

"அப்ப நீயும் நானும் ஒரே ஆளாடி?" என்று கேட்டாள்.

"ஆமா. நான் மூணு நாளு கஞ்சி காச்சி வச்சேன். நீ வந்து மாலையப் போட்டுக்கிட்ட."

பார்லர் போர்டில் இருக்கும் அந்தப் பேருக்குப் பாதிச் சொந்தக்காரி வேறொருத்தி என்பது அனிதா மேரிக்கு உறைத்திருக்க வேண்டும்.

பாண்டீஸ்வரன் மைக் முன்னால் உட்கார்ந்தார். திரிஷா பதிவு பட்டனை அழுத்தினாள். சகாயராணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊசி போட்ட பிறகு நோயாளி மயங்குகிறானா என்று பார்ப்பது மாதிரி எதிரில் உட்கார்ந்தாள்.

முதல் தடவை அவர் குமுளி வீடியோ லைப்ரரிக்காரன் மேல் பழியைப் போட்டார். இன்னொரு தடவை என்றாள். இரண்டாம் தடவை பூஞ்சை மேல். இன்னொரு தடவை. மூன்றாவதில் அந்தக் காலத்து மின்வெட்டைப் பற்றி விரிவாகப் பேசினார். நாலாவதில், எங்கள் குழுவினர் செய்த ஒரு சிறு தவறு என்று ரேடியோ தமிழில் ஆரம்பித்தார்.

"குழுவுல நானும் இருந்தேன்," என்றாள் சகாயராணி. "நான் கேசட்டத் தொட்டேனா?"

"தொடல."

"அனிதா தொட்டாளா? அழகுமலை அண்ணன் தொட்டாகளா?"

"தொடலம்மா."

"அப்பச் சொல்லுங்க."

எட்டாவது தடவையில் பாண்டீஸ்வரனுக்குச் சட்டை நனைந்துவிட்டது. காற்றாடியைப் போடட்டுமா என்று கேட்டார். சத்தம் பதிவாகும் என்றாள் சகாயராணி. அவர் மைக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு ரேடியோ தமிழை விட்டுவிட்டு, டீக்கடையில் பேசுகிற மாதிரி பேசினார்.

"கேசட்ட மாத்திப் போட்டது நான்தான். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. ஒரு எழுத்துத் தெரியாது. படத்தப் போட்ட ரெண்டாவது வாரம் அந்தக் குமுளிக்காரன் வந்தான். செவப்புதான மொதல்ல, நீலத்த ஏண்டா மொதல்ல போட்டன்னு கேட்டான். நானும் மாத்திப் போட்டுப் பாத்தேன். பூஞ்சக்குள்ள லேசாத் தெரிஞ்சுச்சு, கிழவி நிமிர்றது. எனக்கு அப்பவே தெரியும்."

அவர் நிறுத்தவில்லை.

"ஆனா ஊரு பூராம் அந்தப் படத்தையே கேட்டாக. தினம் போன் பண்ணி முள்ளுக்கிழவி போடுங்கன்னாக. சரியாப் போட்டா அது என்ன, கிழவி கொமரியாகுற சாதாரணக் கதை. மாத்திப் போட்டதுலதான் அம்புட்டு ருசி இருந்துச்சு. சரி, ஒரு பிள்ளையக் கேலி பண்றாக, நாலு நாள்ல மறந்துருவாகன்னு விட்டுட்டேன். மறக்கல. வருசம் ஏற ஏறச் சொல்றதுக்கு வாய் வரல."

திரிஷா அழிக்கும் பட்டனைப் பார்த்தாள். இது தவறு இல்லை, இது வேறு. தவறு என்றால் மன்னித்துக் கையெழுத்துப் போடலாம். இதற்கு எந்த மனுசி போடுவாள். அழித்துவிட்டு, பதிவாகவில்லை என்று சொல்லி, முதல் வரியை மட்டும் திரும்பச் சொல்ல வைக்கலாம். விரல் அந்தப் பட்டனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

சகாயராணி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். எனக்கு மாப்பிள்ளை பார்த்தது அந்த மூன்றாவது வாரம் என்று சொன்னாள். முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டார் வாசலிலேயே பேரைக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனதைச் சொன்னாள். அருளப்பன் கேபிள் இல்லாத வீட்டுக்காரர், அதனால்தான் அமைந்தார் என்றும் சொன்னாள். சொல்லும்போது குரலில் ஏற்றம் இறக்கம் இல்லை, வார்டில் காய்ச்சல் அளவைப் படிக்கிற மாதிரி இருந்தது. பிறகு திரிஷாவைப் பார்த்தாள்.

"ரெக்காட் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு அத்தை," என்றாள் திரிஷா. சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமை பஸ்ஸை நினைத்துக்கொண்டாள்.

"முழுசாவா?"

"முழுசா."

பாண்டீஸ்வரன் முந்திக்கொண்டு, இன்னொரு தடவை சொல்கிறேன் என்றார். மறைக்கிறதுக்கு இல்லை, விஷயம் எல்லாம் அப்படியே இருக்கட்டும், ஆனால் நாற்பது நாட்டுக்குப் போவதால் கொஞ்சம் இலக்கணமாக, இயக்குநர் பேசுகிற மாதிரிச் சொல்கிறேன் என்று மன்றாடினார். திரிஷா, கண்டபடி பேசிவிட்டேன், ஓடைப்பட்டிக்காரன் சந்தையில் நின்று பேசின மாதிரி இருக்கிறது என்றார்.

"இதுதான் போகும்," என்றாள் சகாயராணி. "ஒரு எழுத்து வெட்டக் கூடாது. வெட்டுனா கையெழுத்தும் வெட்டு."

திரிஷா அப்பாவைப் பார்த்தாள். பாஷை தெரிந்த மனுசன் என்று இருபத்தேழு வருடம் வாங்கின மரியாதை, அந்த ஒன்றரை நிமிடத்தில் போய்விடும். லோக்கல் சேனலில் வந்தால் நாளை டீக்கடையில் உட்கார முடியாது. அவருக்கும் அது தெரிந்தது. மைக்கைத் தாங்கியிலிருந்து கழற்றி மேஜையில் படுக்க வைத்தார்.

"சேனல்லயும் போடு," என்றார் மகளிடம். "அப்பறம் நான் மாத்திச் சொல்றதுக்குள்ள அனுப்பிரு."

சகாயராணி தாளை இழுத்து, ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் போடுகிற அதே கையெழுத்தைப் போட்டாள். பக்கத்தில் தேதி போட்டாள். நேரமும் போட்டாள், காலை பதினொன்று நாற்பது. என்ன பாத்திரம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதப்போனவள் நிறுத்தி, படத்தில் கிழவி என்று தனியாக யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள். கம்பெனி அனுப்பிய பட்டியலைத் திரிஷா திறந்து பார்த்தாள். இல்லை. இளவரசி என்று ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். சகாயராணி அதையே எழுதினாள். அனிதா மேரி எட்டிப் பார்த்து, தன் பேர் முதலில் வருமா என்று கேட்டாள். படத்தில் யார் முதலில் வருகிறாரோ அவர் பேர்தான் முதலில் என்றாள் திரிஷா. அனிதா மேரி ஹேண்ட்பேக் ஜிப்பை இழுத்து மூடினாள்.

பன்னிரண்டு மணிக்குள் எல்லாம் ஏறி முடிந்தது. ஒலி, நாலு கையெழுத்து, ஒன்றரை நிமிட உரை. கம்பெனிக்கு இதற்கு மொழிபெயர்ப்பும் வேண்டுமே என்று அப்போதுதான் திரிஷாவுக்கு உறைத்தது. அதையும் உட்கார்ந்து எழுதினாள். "அம்புட்டு ருசி" என்கிற இடத்தில் மட்டும் பத்து நிமிடம் திணறினாள்.

கீழே பாண்டீஸ்வரன் பைக்கைத் திருப்பி நிறுத்தி வைத்திருந்தார். வெயிலில் எதற்குப் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், ராயப்பன்பட்டியில் விட்டுவிட்டு வருகிறேன் என்றார். சகாயராணி அவரையும் பைக்கையும் பார்த்தாள். சரி என்று சேலையை ஒதுக்கி ஏறி உட்கார்ந்தாள். அவர் குறுக்குச் சாலைப் பக்கம் ஹேண்டிலைத் திருப்பினார். அதுதான் சீக்கிரம், ஆளும் இருக்காது.

"அங்கிட்டு வேணாம்," என்றாள் அவள் பின்னாலிருந்து. "பஜார் வழியாப் போங்கண்ணே. பையப் போங்க."